‘பாத்தும்மா’ என்று சொல்லிவிட்டு வந்தவன்

போன புதன்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் நம் கம்பெனியின் புதிய டிசைன் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினீர்கள். லிங்கராஜபுரத்திலிருந்து அங்கே வந்து சேர இரண்டு பஸ், ஒரு ஆட்டோ. இருந்தாலும் வந்தேன். ரிட்டயர் ஆன சர்வீஸ் இன்ஜினியரை யார் தேடிக் கூப்பிடுகிறார்கள்? நாங்கள் ரப்பர் தேயத் தேய அழித்து வரைந்த மெஷின்களை நீங்கள் திரையில் தலைகீழாகத் திருப்பிக் காட்டினீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு உங்களில் ஒரு பெண் விபத்துப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வயலில் யாருக்காவது அடிபட்டது என்று செய்தி வந்தால் காரணத்தைக் கையால் எழுத வேண்டியதில்லையாம். தொட்டால் ஒரு பட்டியல் விழும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதுமாம். பட்டியல் விழுந்தது. முதல் வரி, ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’. எதற்கு இது முதலில் என்று கேட்டேன். "முக்கால்வாசி கேஸ் அதுதான் சார், அதான் ஈஸியா இருக்கட்டும்னு மேல வெச்சிருக்கோம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். மேலே வைத்திருப்பதால்தான் முக்கால்வாசி அதுவாகிறது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. பாதிக் காபியில் எழுந்து வந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நீங்கள் பயந்து லிஃப்ட் வரைக்கும் ஓடி வந்தீர்கள். சர்க்கரை இறங்கவில்லை, தம்பிகளே, அம்மாக்களே. கோபம் ஏறிவிட்டது. அதை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு கோபமும் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று சாப்பிடும்போது உங்களில் ஒருவர், "மெஷினே வராம இருந்திருந்தா கிராமத்து ஜனங்க நிம்மதியா இருந்திருப்பாங்க இல்ல சார்?" என்றார். கதிரடிக்கும் மெஷின் செய்கிற கம்பெனியில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? அந்த நிம்மதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சர்ஜாபுரம் ரோட்டில், ஆனேக்கல் ரோட்டில், தை மாதம் பிறந்தால் தார் ரோடு முழுக்கக் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி வைத்திருப்பார்கள். கல் உருளை இழுக்க மாடு இல்லாதவர்களுக்கு பஸ்ஸும் லாரியும்தான் மாடு. வண்டிகள் ஏறிப் போகப் போகக் கதிர் உதிரும். இரண்டு லாரிக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் பெண்கள் ஓடி வந்து புரட்டிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் கூட்டி அள்ளிப் புடைத்தால் கேழ்வரகோடு தாரும் கல்லும் டயர்த் தூளும் வரும். மூன்று வாரம் இப்படி. பைக்காரர்கள் வைக்கோலில் வழுக்கி விழுந்து அந்தப் பெண்களைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

நம் மெஷின் அந்த மூன்று வாரத்தை மூன்று நாளாக்கியது. ஒரு பக்கம் கதிர்க் கட்டை விட்டால் இன்னொரு பக்கம் சுத்தமான தானியம், வைக்கோல் தனி, தூசி தனி. ரோட்டிலிருந்து பெண்களைக் களத்துக்குள் கொண்டுவந்தது. என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆகவே நான் மெஷினுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மெஷினின் பக்கம் நிற்பதால்தான் இவ்வளவு கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அந்த மெஷினில் டிரம் என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். பற்கள் வைத்த உருளை, கதிரை அடித்து உதிர்ப்பது அதுதான். அதன் வாய்க்கு முன்னால் ஒரு இரும்புத் தட்டு. ஆள் நின்றுகொண்டு அந்தத் தட்டில் கட்டை வைத்து உள்ளே தள்ள வேண்டும். ஒரு களத்தில் மெஷின்காரர் ஒருவர் ஓடுகிற மெஷினின் தட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பீடி பிடிப்பதைப் பார்த்தேன். தட்டு தாழ்வாக இருப்பதால்தானே கை சுலபமாகப் போகிறது, தூக்கி வைத்தால் போகாதே என்று யோசித்தேன். தொழிற்சாலைக்கு வந்து, தட்டை அரை அடி உயர்த்தச் சொல்லி யோசனை எழுதிக் கொடுத்தேன்.

சோதனையும் நானே செய்தேன். என் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். கூட நின்ற ஃபிட்டர் என்னைவிட உயரம். இருவரும் தரையில் நின்று கையை எட்டும் மட்டும் நீட்டிப் பார்த்தோம். விரல் நுனி டிரம்முக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. எங்களுக்கே எட்டவில்லை என்றால் குள்ளமானவர்களுக்கு இன்னும் பாதுகாப்பு என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். நான் படித்த படிப்பு அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, குங்குமமும் பூவுமாக நின்ற மெஷின்களுக்கு முன்னால், மேனேஜர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டி ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

உயர்த்திய தட்டோடு போன முதல் மெஷின்களில் ஒன்றை சர்ஜாபுரம் தாண்டி ஒரு கிராமத்தில் ராமண்ணா என்பவர் வாங்கினார். வாங்கிய அன்று அவருக்குத்தான் ஒரு நாள் பயிற்சி கொடுத்தோம். ஃபாரத்தில் ‘ஆபரேட்டர்’ என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதினோம். அவர் மெஷினை ஓட்டுகிற டிராக்டர் பக்கத்தில் நின்று ஆக்ஸிலரேட்டரைப் பார்த்துக்கொள்வார். கட்டை அவிழ்த்து மெஷினின் வாயில் விடுகிற வேலை முழுக்கப் பெண்களுடையது. ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டம், மெஷினோடு ஊர் ஊராகப் போகும். அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி முனியம்மா. தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். நாற்பது வயது இருக்கும். யார் எந்தக் களத்துக்கு, எத்தனை மணிக்கு, யார் கட்டு தூக்குவது, யார் தட்டில் நிற்பது எல்லாம் அவள் சொல்வதுதான். தட்டில் பெரும்பாலும் அவளே நிற்பாள்.

அந்த மெஷினுக்கு சர்வீஸ் செய்ய மூன்று முறை போனேன். மூன்று முறையும் முனியம்மா மண் அள்ளும் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். தரையில் நின்றால் அவள் தலை என் தோளுக்குக் கீழே இருக்கும். முதல் முறை நான், "பாத்தும்மா, வழுக்கிடப் போவுது" என்றேன். சிரித்துக்கொண்டே சரி சார் என்றாள். இரண்டாம் முறையும் "பாத்தும்மா" என்றேன். மூன்றாம் முறை பெல்ட் மாற்றிவிட்டுக் கிளம்பும்போது ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே சத்தமாக "பாத்தும்மா" என்றேன். நல்ல மனுஷன் என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு நினைப்பு. மோர் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வருஷம் தை மாதம் கடைசியில் ராமண்ணாவிடமிருந்து போன் வந்தது. சட்டி வழுக்கி முனியம்மா முன்னால் விழுந்துவிட்டாள், வலது கையில் மூன்று விரல் போய்விட்டது, பெங்களூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். நான் உடனே போனேன். எங்கே போனேன்? ஆஸ்பத்திரிக்கு இல்லை, களத்துக்கு. அப்போதெல்லாம் அதுதான் முறை. முதலில் மெஷினைப் பார்க்க வேண்டும், ஃபாரம் எழுத வேண்டும்.

ராமண்ணா மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அவளுடைய தப்புதான் சார்" என்றார் கன்னடத்தில். "எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், பார்த்து நில்லு என்று. நீங்கள்கூடச் சொன்னீர்களே, நானே கேட்டேனே!" உண்மைதானே, நானும் சொல்லியிருக்கிறேனே என்று நினைத்தேன். டிரம், பெல்ட், போல்ட் எல்லாவற்றையும் பார்த்தேன். எதிலும் பழுது இல்லை. பையிலிருந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்தேன். கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதுகிற, தாளெல்லாம் முன்கூட்டியே கம்பெனி முத்திரை குத்திய புத்தகம் அது. விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு, பலமுறை எச்சரிக்கப்பட்டும்’ என்று என் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை ராமண்ணாவிடம் கிழித்துக் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் பட்டியல் இல்லாத காலத்திலேயே அந்த முதல் வரி என் பேனாவில் தயாராக இருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முனியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை.

"சார், நீங்க இன்னா எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "எம் பேர்ல தப்புன்னு கம்பெனிக்காரங்களே முத்திர குத்திக் குடுத்துட்டாங்கன்னு ராமண்ணா ஊரெல்லாம் காட்டினு இருக்கறாரு. எங்க ஆளுங்க நேத்து பாக்க வந்தாளுங்க. தன் கையையே பாத்துக்க முடியாதவ எங்க கைய எப்பிடி பாத்துப்பேன்னு கேக்கறாளுங்க சார். அடுத்த தடவ எங்கூட வரமாட்டாளுங்களாம்."

விரல் போனதை அவள் சொல்லவே இல்லை. கூட்டம் போவதைத்தான் சொன்னாள். அசட்டுத்தனமாக, "அந்த மெஷினே வேணாம்மா, திரும்பி அதுகிட்டப் போகாதே" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மிஷின இன்னாத்துக்கு சார் குத்தம் சொல்றீங்க? மிஷின் வர்றதுக்கு முன்னாடி ரோட்டுல கேவுரு கூட்டினு இருக்கும்போதுதான் எங்க நாத்தனாரு லாரி அடிச்சுப் போனா. நான் பாத்துனு நிக்கறப்பதான் போனா. மிஷின் வந்தது நல்லதுக்குத்தான். எனுக்கு மிஷின் வேணும், எங்க ஆளுங்க வேணும். தப்பு எம்மேல இல்லன்னு எழுதிக் குடுங்க, அது போதும். நானு ஒண்ணும் தூங்கினு நிக்கல."

ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தில் இருந்த வார்த்தையை மட்டும் யாரும் தொட விரும்பவில்லை. அடுத்த வாரமே மேனேஜர் தொழிற்சாலைக்குள் ஒரு கூட்டம் போட்டார். டிராயிங் பிரிவிலிருந்து இருவர், நான், நடுவில் அதே மாடல் மெஷின். என் ஃபாரத்தை அழகாக டைப் அடித்து வைத்திருந்தார்கள். என் கையெழுத்து விழுந்தால் கோப்பு மூடிவிடும். "இது சிம்பிள் கேஸ். நீங்களே எழுதினதுதான். சைன் பண்ணுங்க, லஞ்சுக்குப் போகலாம்" என்றார் மேனேஜர்.

பேனாவைத் திறந்தேன். தூங்கினு நிக்கல என்று அவள் சொன்னது காதிலேயே இருந்தது. தூங்கவில்லை என்றால் பிறகு என்ன செய்துகொண்டிருந்தாள்? அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்கத்தில் காந்தம்மா துடைப்பத்தோடு இரும்புத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நீலசந்திராவிலிருந்து வருகிறவள், அந்த ஷெட்டைப் பத்து வருஷமாகக் கூட்டுகிறவள். நாங்கள் சோதனை செய்த அன்றும் அதே இடத்தில்தான் கூட்டிக்கொண்டிருந்தாள், நாங்கள்தான் அவளைத் தள்ளிப் போகச் சொன்னோம். அவளைக் கூப்பிட்டேன்.

"காந்தம்மா, கேழ்வரகுக் கட்டு விடத் தெரியுமா?"

"இன்னா சார் இப்பிடிக் கேட்டுட்டீங்க? கல்யாணம் ஆவற வரிக்கும் களத்துலதான கெடந்தேன்."

டிராக்டர் ஓடாமல் நின்றிருந்தது. நானே பெல்ட்டைக் கழற்றி, டிரம் இனி ஓடாது என்று மேனேஜரின் கண் முன்னால் காட்டினேன். சோதனைக்காக வைத்திருந்த கதிர்க் கட்டு ஒன்றைக் காந்தம்மாவிடம் கொடுத்து, மெஷின் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே விடு என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவள் துடைப்பத்தைச் சாத்தி வைத்தாள். கட்டை இடுப்பில் வாங்கிக்கொண்டு தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். தட்டு அவள் மோவாய்க்கு நேராக இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி இப்படியும் அப்படியும் பார்த்தாள். ஸ்பேர் பார்ட்ஸ் வந்த காலி மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதைக் காலாலேயே இழுத்துப் போட்டு, ஏறி நின்று, முன்னால் சாய்ந்து கட்டைத் தள்ளினாள். மணிக்கட்டு தாண்டிக் கை உள்ளே போனது.

"கையை அப்படியே வை காந்தம்மா" என்றேன். "சார், கிட்ட வந்து பாருங்க." மேனேஜர் வந்து பார்த்தார். அவள் விரல்கள் டிரம்மின் பற்களைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் தட்டைத் தூக்கி வைத்திருந்தேன், நீளத்தை அப்படியே விட்டிருந்தேன். தரையில் நிற்கிறவனுக்கு எட்டாத டிரம், பெட்டிமேல் ஏறிச் சாய்கிறவளுக்கு நன்றாக எட்டியது. குள்ளமானவர்கள் குள்ளமாகவே நின்றுகொண்டிருப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர்கள் ஏறுவார்கள் என்று தோன்றவில்லை.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, உன்னை யாரு பெட்டி மேல ஏறச் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றாள் காந்தம்மா.

"நானா?"

"மேல வெச்சா ஏறித்தான ஆவணும்?"

டிராயிங் பிரிவுக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, இவளும் கேர்லெஸ்தான்" என்றார். இதை நான் இட்டுக்கட்டவில்லை. பத்து வருஷமாக மேனேஜரின் அறையையும் சேர்த்துக் கூட்டுகிற பெண், சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்து காட்டிவிட்டுப் பெட்டிமேல் நிற்கிறாள், அவளைப் பார்த்து அந்த மனிதர் இப்படிச் சொல்கிறார். என் வாழ்க்கையில் மேலதிகாரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவன் இல்லை நான். அன்று டைப் அடித்த காகிதத்தில் காரணம் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, ‘தட்டின் உயரம். உயர்த்தியவன் நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உங்க பேரை நீங்களே கெடுத்துக்கறீங்க" என்றார் மேனேஜர். கெடுத்துக்கொள்ள வேண்டிய பேர்தான் அது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தக் காகிதம் கோப்பில் ஏறவில்லை. வேறொருவர் கையெழுத்தோடு பழைய வாசகமே ஏறியது. என்னை ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒன்றரை வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். இதற்கு நடுவில், சத்தமே இல்லாமல், தட்டைத் தாழ்த்தி நீளமாக்கினார்கள், பாதித் தூரத்துக்கு மேலே மூடி போட்டார்கள். ‘புதிய சொகுசு மாடல்’ என்று விளம்பரம் வந்தது. யாருக்குச் சொகுசு? ஆயுத பூஜையில் அதற்கும் ஒருவருக்கு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். நான் பின்வரிசையில் நின்றேன், கை தட்டவில்லை. அன்றைக்கு என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

ஆனால் கிடங்குக்கு மாற்றியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். என் சர்வீஸ் புத்தகத்தைத் திரும்ப வாங்கவில்லை. அதில் இன்னும் வெற்று ஃபாரங்கள் இருந்தன, முன்கூட்டியே முத்திரை குத்தியவை. கிடங்குக்குப் போன முதல் வாரமே, முனியம்மா வீடு திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று கன்னடத்திலேயே எழுதினேன். முன்பு கொடுத்த ஃபாரம் தவறு, அது ரத்து செய்யப்படுகிறது, மெஷினின் தட்டு பெண்களின் உயரத்தைப் பார்க்காமல் அமைக்கப்பட்டது, முனியம்மாவிடம் எந்தக் கவனக்குறைவும் இல்லை. கீழே என் பெயர். கம்பெனி விதிப்படி இது தப்புதான். உங்களுக்கு இதை முன்னுதாரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்கூட்டரில் போனேன். ராமண்ணாவின் களத்தில் முனியம்மாவின் கூட்டத்துப் பெண்கள் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராகிப் பருவத்தின் கடைசி வாரம், இன்னும் இரண்டு மூன்று களம்தான் பாக்கி. முனியம்மா சற்றுத் தள்ளி, கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். யாரும் அவளிடம் பேசுவதாகத் தெரியவில்லை. ராமண்ணாவைக் கூப்பிட்டு அவர் முன்னால் ஃபாரத்தை உரக்கப் படித்தேன். என் கன்னடம் எழுத்துக் கன்னடம், இரண்டு இடத்தில் தடுக்கியது. ஒரு பிரதியைக் கிழித்து ராமண்ணாவிடம் கொடுத்து, பழையதைக் கேட்டு வாங்கினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடித்து மடித்துக் காட்டி அது நைந்து போயிருந்தது. இன்னொரு பிரதியை முனியம்மாவின் இடது கையில் கொடுத்தேன்.

போர்மேல் நின்றிருந்த ஒருத்தி, வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டே, "அப்போ நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்க்கா?" என்று கேட்டாள்.

"ஆறரைக்கு" என்றாள் முனியம்மா. "தாசரப்பா களம். தண்ணி எடுத்துனு வாங்க, அங்க கெணறு இல்ல."

அவ்வளவுதான். கூட்டம் அவளிடம் திரும்பி வந்துவிட்டது. உள்ளுக்குள் என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலையைப் பணயம் வைத்து நியாயத்தை நிலைநாட்டியவன் என்ற நினைப்போடு ஸ்கூட்டரை நோக்கி நடந்தேன். முனியம்மா கூடவே வந்தாள். ரோடு வரைக்கும் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"மிஷின் வந்ததுலருந்து மூணு வாட்டி வந்தீங்க. மூணு வாட்டியும் நான் சட்டி மேல நின்னுனு இருந்தேன். பாத்தும்மா, பாத்தும்மான்னு சொல்லினே போனீங்க."

"ஆமாம்மா, சொன்னேன்."

"எனுக்குப் பாக்கச் சொன்னீங்க, சரி. நீங்க இன்னா சார் பாத்தீங்க?"

அவள் திட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். நான் பெல்ட்டைப் பார்த்தேன், கிரீஸைப் பார்த்தேன், டிரம்மின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். கவிழ்த்த சட்டியையும் அதன்மேல் இருந்த இரண்டு கால்களையும் மூன்று முறை கண்ணால் கண்டேன். ‘ஏன் சட்டிமேல் நிற்கிறாய்’ என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அவளும் ‘பாத்துப் போங்க சார்’ என்று சொல்லவில்லை.

அந்தப் பழைய ஃபாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் உங்கள் ஆபீசுக்கு வருகிறேன். இரண்டு பஸ், ஒரு ஆட்டோ. அதற்குள் பட்டியலிலிருந்து அந்த முதல் வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வேறு எந்தக் காரணத்தையும் வைக்க வேண்டாம், காலியாக விடுங்கள். யாராவது களத்துக்குப் போய், அடிபட்டவர் எங்கே நின்றார், எதன்மேல் நின்றார், ஏன் நின்றார் என்று கேட்டு வந்து கையால் எழுதட்டும். சால்வை வேண்டாம். காபியும் வேண்டாம். திரையைத் திறந்து காட்டினால் போதும், நான் பார்க்க வேண்டும்.